1954 டிசம்பர் 6: ரொறன்ரோவின் பழைய மாநகரசபைத் தேர்தல் ஒன்றைத் துருவிப் பார்ப்பது எப்படி?

ரொறன்ரோவில் முப்பது வருடம் இருந்தவரிடம் நேதன் பிலிப்ஸ் யாரென்று கேட்டால், "சிற்றி ஹோலுக்கு முன்னால இருக்கிற சதுக்கம்தானே" என்பார். ஆள் யார், எப்படி மேயரானார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். அதற்கு விடை வேண்டுமானால் 1954 டிசம்பர் 6, திங்கட்கிழமைக்குப் போக வேண்டும். அன்றைய மாநகரசபைத் தேர்தலில்தான் இந்த நகரம் முதன்முறையாக ஒரு யூதரை மேயராகத் தெரிவு செய்தது.

நான் தேர்தல் காலங்களில் வாக்குச்சாவடி வேலைக்குப் போகிறவன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் முதியோர் மன்றத்தில் நகர வரலாறு கதைக்கச் சொல்லிக் கேட்டார்கள். அப்படித் தொடங்கிய பழக்கம் இது. "அண்ணை, உந்தப் பழைய குப்பையைக் கிண்டி என்ன காணப்போறியள்?" என்று மன்றத்தில் ஒருவர் கேட்பார். கேட்டுவிட்டு முன்வரிசையில் வந்து இருப்பவரும் அவர்தான். உங்களுக்கும் இதில் ஆசை இருந்தால் ஒரு நூலக அட்டை, ஒரு கொப்பி, சில சனிக்கிழமைகள் போதும். 1954ஐ உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். முறை பிடிபட்டால் அந்தக் காலத்து எந்தத் தேர்தலையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் திகதியைச் சரியாகப் பிடியுங்கள். இதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 1954 டிசம்பரில் தெரிவானது 1955ஆம் ஆண்டுச் சபை. ஆகவே ஒரு கட்டுரையில் "1955 சபை" என்றும் இன்னொன்றில் "1954 தேர்தல்" என்றும் எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றுதான். அதற்கு முந்திய காலத்தில் புதுவருடத் தினத்தில் வாக்களிக்கும் வழக்கமும் இருந்தது. ஜனவரிப் பனியில், முதல்நாள் இரவுக் கொண்டாட்டம் முடிந்த கையோடு சனங்கள் வாக்குச்சாவடிக்குப் போயிருக்கிறார்கள்! அந்தத் தேர்தல்களில் வாக்களித்த ஆண்டும் சபை ஆண்டும் ஒன்றாகவே இருக்கும். இன்னொன்று, அப்போது தேர்தல் வருடா வருடம் நடந்தது. 1954, 1955, 1956 என்று மூன்று டிசம்பர்கள் தொடர்ந்து வாக்குப் போட்டிருக்கிறார்கள். 1956க்குப் பிறகுதான் 1958, 1960, 1962 என்று இரண்டு வருடத்துக்கு ஒன்றாக ஆனது. மாநகரசபைத் தேர்தல் என்றால் வெறும் "டிசம்பர் 1954" என்று எழுதாமல் நாளையும் கிழமையையும் சேர்த்துக் குறியுங்கள். பத்திரிகையைத் தேடும்போது கிழமைதான் கைகொடுக்கும். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது எல்லை. இன்றைய ரொறன்ரோவை மனதில் வைத்துக்கொண்டு 1954க்குள் போகக் கூடாது. இன்று நம்மவர் நிறைந்திருக்கும் ஸ்காபரோ அன்று ரொறன்ரோ நகரத்தில் இல்லை. நோர்த் யோர்க் இல்லை, எற்றோபிக்கோவும் இல்லை. 1954 ஜனவரி 1 முதல் மெட்ரோ ரொறன்ரோ என்ற கூட்டமைப்பு நடைமுறைக்கு வந்தது. ரொறன்ரோ நகரமும் அதைச் சுற்றியிருந்த 12 ஊர்களும் சேர்ந்து மொத்தம் 13. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சபை, தனித்தனித் தேர்தல். மேலே மெட்ரோ சபை. அதன் முதல் தலைவர் ஃபிரெடெரிக் கார்டினர். 2009 மே மாதம் நம்மவர்கள் ஏறி மறித்தார்களே, அந்தக் கார்டினர் நெடுஞ்சாலை இவருடைய பெயரில்தான் இருக்கிறது. மெட்ரோ தலைவரை மக்கள் நேரடியாக வாக்களித்துத் தெரிவு செய்யவில்லை. எனவே அவர் பெயரை வாக்குச்சீட்டில் தேடி மினக்கெட வேண்டாம்.

எல்லை ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். 1954 அக்டோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி அடித்தது. ஒன்ராறியோவில் 81 பேர் செத்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். ஏழு வாரம் கழித்துத் தேர்தல் என்றால், அதுதானே பெரிய பேச்சாக இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தத் தெரு இருந்தது எற்றோபிக்கோ பக்கம். அங்கே உயிர் தப்பியவர்கள் ரொறன்ரோ மேயருக்கு வாக்குப் போட்டவர்கள் அல்ல. மற்றது ஃபாரஸ்ட் ஹில். வசதியான யூதக் குடும்பங்கள் நிறைய இருந்த இடம். நகரத்தை ஒட்டியே இருந்தாலும் அது தனிக் கிராமசபை. பிலிப்ஸ் யூதர் என்பதால் யூத வாக்கில் வென்றார் என்று சட்டென்று எழுதிவிடுகிறவர்கள் இந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. நகரத்துக்குள் சொத்து இருந்தாலொழிய ஃபாரஸ்ட் ஹில்காரருக்கு இந்தத் தேர்தலில் வாக்கு இல்லை.

நகரத்துக்குள் 9 வட்டாரங்கள். இந்த எண்களைப் பார்த்துத் தலை சுற்ற வேண்டாம். 1890களில் ஆறு வட்டாரங்களைக் கிழக்கிலிருந்து மேற்காக, ஏரியில் தொடங்கி வடக்கே நீளும் பட்டைகளாக வெட்டினார்கள். நகரம் வளர வளர மிச்சத்தை ஒட்டினார்கள். அதனால்தான் 7 மேற்கே ஜங்ஷன் பக்கம், 8 திடீரென்று கிழக்குக் கோடியில், 9 வடக்கே எக்லின்ரன் தாண்டி. ஸ்பாடைனா, கென்சிங்டன் சந்தைப் பக்கம் 4ஆம் வட்டாரம். பிலிப்ஸ் 1920களிலிருந்து அல்டர்மனாக, அதாவது வட்டாரத்தின் சபை உறுப்பினராக, இருந்தது அங்கேதான். கொப்பியின் முதல் பக்கத்தில் இந்த ஒன்பதையும் கையால் வரைந்துகொள்ளுங்கள். வடிவாக இருக்க வேண்டும் என்றில்லை. எந்த எண் எந்தப் பக்கம் என்று கண்ணில் பதிந்தால் சரி.

யாருக்கு வாக்கு இருந்தது? 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், பிரித்தானியப் பிரஜையாக இருக்க வேண்டும், அதோடு சொந்தக்காரராகவோ வாடகைக்காரராகவோ நகரத்தில் ஓர் இடத்தோடு தொடர்பு இருக்க வேண்டும். இந்தப் பிரஜை விதியைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். போரை அடுத்து வந்து இறங்கிய இத்தாலியரோ போலந்துக்காரரோ கனடியக் குடியுரிமை எடுக்க ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்தவருக்கு அந்தத் தடை இல்லை, அவர் ஏற்கெனவே பிரித்தானியப் பிரஜை. சட்டப்படி பார்த்தால் இலங்கையிலிருந்து வந்தவரும் அந்த வகைதான். ஆனால் வருவதற்கு வழி வேண்டுமே. 1951இல் போட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து கனடா முழுவதற்கும் வருடத்துக்கு 50 பேர்தான் குடியேறலாம். இந்தியாவுக்கு 150, பாகிஸ்தானுக்கு 100. உரிமையை ஒரு கையால் கொடுத்து, கதவை மற்றக் கையால் சாத்தியிருந்தார்கள். மன்றத்தில் இதைச் சொன்னபோதுதான் எல்லாரும் நிமிர்ந்து இருந்தார்கள்.

இதனால் என்ன ஆகிறதென்றால், 1954இல் வாக்களித்த ரொறன்ரோவும் 1954இல் தெருவில் நடமாடிய ரொறன்ரோவும் ஒன்றல்ல. தெருவில் கேட்ட பாஷைகள் எல்லாம் வாக்குப் பெட்டிக்குள் போகவில்லை. முடிவுகளைப் படிக்கும்போது இது பின்தலையில் இருக்கட்டும்.

சரி, வாக்குச்சீட்டுக்கு வருவோம். இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள், எண்களை விளங்கிக்கொள்வதே இதில்தான் தங்கியிருக்கிறது. வாக்காளர் ஒருவருக்கு மேயருக்கு ஒரு வாக்கு. அடுத்து போர்ட் ஒஃப் கண்ட்ரோல் என்ற நிர்வாகக் குழு, அதன் உறுப்பினர்தான் கண்ட்ரோலர். இதற்கு நகரம் முழுவதிலுமிருந்து நான்கு பேர், ஆகவே நான்கு வாக்கு வரை போடலாம். அடுத்து உங்கள் வட்டாரத்துக்கு இரண்டு அல்டர்மன், அதற்கு இரண்டு வாக்கு. அதற்குப் பிறகு கல்விச் சபை உறுப்பினர்கள். நான்கு வாக்கையும் போட வேண்டுமென்று கட்டாயமில்லை. தன் ஆள் ஜெயிக்க வேண்டுமென்று நினைப்பவர் ஒரே ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தை வெறுமையாக விடலாம். இதனால் கண்ட்ரோலர்களுக்கு விழுந்த வாக்குகளைக் கூட்டினால் வாக்களித்தவர் தொகை வராது. நான்கால் வகுத்தாலும் வராது. எத்தனை பேர் வந்தார்கள் என்று உத்தேசமாகத் தெரிய வேண்டுமானால் மேயர் வேட்பாளர்களின் வாக்குகளை மட்டும் கூட்டுங்கள்.

முதலாவதாக வந்தாரா இரண்டாவதாக வந்தாரா என்பதும் அன்று பெரிய விஷயம். வட்டாரத்தில் இருவரும் தெரிவானாலும் கூடுதல் வாக்கு வாங்கியவருக்கே மெட்ரோ சபையிலும் ஆசனம். கண்ட்ரோலர்களில் முதல் இருவருக்கும் அப்படியே. "இருவரும் வென்றார்கள்" என்று குறித்துவிட்டுப் போனால் போட்டியின் சூடு உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. அதனால் கட்சி இல்லை என்று நினைக்க வேண்டாம். பிலிப்ஸ் கொன்சர்வேற்றிவ்காரர் என்பது ஊரறிந்த சங்கதி. சிசிஎஃப் என்ற இடதுசாரிக் கட்சிக்காரர்களும் நின்றார்கள். 5ஆம் வட்டாரத்தில் எட்னா ரையர்சன் என்ற கம்யூனிஸ்ட் பெண், பனிப்போர் உச்சத்திலும் கல்விச் சபைக்குத் திரும்பத் திரும்பத் தெரிவாகிக்கொண்டிருந்தார். வேட்பாளரின் நிறம் என்னவென்று பத்திரிகைகளில்தான் பொறுக்க வேண்டும்.

இனிப் பத்திரிகை. யங் வீதி 789ஆம் இலக்கத்தில் இருக்கும் ரெஃபரன்ஸ் நூலகத்துக்குப் போகலாம். போகாமலும் பாதி வேலையை முடிக்கலாம். ரொறன்ரோ ஸ்டார், குளோப் அண்ட் மெயில் இரண்டின் பழைய இதழ்களையும் நூலக அட்டை இலக்கம் இருந்தால் வீட்டுக் கணினியிலேயே பார்க்கலாம், காசு இல்லை. 1971இல் நின்றுபோன டெலிகிராமுக்கு மைக்ரோஃபிலிம்தான். அதைத் தவிர்க்காதீர்கள். ஸ்டார் லிபரல் சாய்வு, டெலிகிராம் கொன்சர்வேற்றிவ் சாய்வு, குளோப் வணிகர்களின் குரல். மூன்றையும் பக்கத்தில் வைத்தால்தான் ஒருவர் பூசியதை இன்னொருவர் சுரண்டுவது தெரியும்.

கிழமையைக் குறிக்கச் சொன்னேனே, அது இங்கே உதவும். வாக்களிப்பு திங்கள். சனிக்கிழமை இதழில் வேட்பாளர் விளம்பரங்களைப் பாருங்கள். ஒரு முகம், வட்டார எண், பெயருக்குப் பக்கத்தில் புள்ளடி. அந்தச் சதுரப் பெட்டிகளில் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி எதை முதலில் சொல்கிறார், வரியையா, வீதியையா, மதத்தையா என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தலையங்கத்தைவிட இவற்றில்தான் ருசி. குளோப் காலைப் பத்திரிகை, மற்ற இரண்டும் பின்னேரம் வருபவை. எனவே திங்கட்கிழமை ஸ்டாரில் வாக்களிப்பு நாள் செய்தி, செவ்வாய் காலை குளோபில் முதல் முடிவுகள், செவ்வாய் பின்னேரம் மற்றவற்றில் விரிவான விபரம் என்று வரிசைப்படி போங்கள். முதல்நாள் எண்களைக் கொப்பியில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். பிறகு மாறும்.

தேடுபெட்டியில் என்ன தட்டுவது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. பழைய அச்சைக் கணினி வாசிப்பதில் எழுத்துப் பிழை ஏராளம். தலைப்பு எழுதுகிறவர்கள் இடம் மிச்சம்பிடிக்க நேதனை "நேட்" ஆக்கியிருப்பார்கள், அதையும் தேடுங்கள். கவுன்சிலர் என்று தேடினால் சரியான ஆள் அகப்படமாட்டார், அல்டர்மன், கண்ட்ரோலர் என்று தேடுங்கள். பெண் வேட்பாளர்களைக் கணவர் பெயருக்கு முன் "மிஸிஸ்" போட்டும் தேட வேண்டும். சாண்டர்ஸ் என்று தட்டினால் இரண்டு மேயர்கள் வந்து நிற்பார்கள். 1945 முதல் 1948 வரை இருந்தவர் ராபர்ட் சாண்டர்ஸ், பிறகு ஒன்ராறியோ ஹைட்ரோ என்ற மாகாண மின்சார நிறுவனத்துக்குப் போனவர். 1954இல் தோற்றவர் லெஸ்லி சாண்டர்ஸ். ராபர்ட் 1955 ஜனவரியில் விமான விபத்தில் இறந்தார். அதனால் நமக்கு வேண்டிய அதே வாரங்களில் அவர் பெயரும் பக்கம் பக்கமாக வரும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தேடும்போது கையில் ஒரு நூலிழை இருக்கட்டும். அலன் லாம்போர்ட் மேயராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு அனுமதி வேண்டுமென்று போராடிப் பெயரெடுத்தவர். 1951, 1952 தேர்தல்களில் பிலிப்ஸ் இவரிடம் தோற்றிருந்தார். 1954 மார்ச் 30 யங் சப்வே திறந்தது. அதே வருட நடுவில் லாம்போர்ட் மேயர் பதவியை விட்டு, பஸ்ஸும் சப்வேயும் ஓட்டும் ரிரிசியின் நிர்வாகத்துக்குப் போய்விட்டார். கண்ட்ரோலராக இருந்த லெஸ்லி சாண்டர்ஸ் மேயரானார். இவர் ஒரேஞ்ச் சங்கத்தின் பெரும்புள்ளி. ஒரேஞ்ச் சங்கம் என்பது 1690இல் பொய்ன் ஆற்றுச் சண்டையில் புரொட்டஸ்தாந்து மன்னர் கத்தோலிக்க மன்னரை வென்றதை ஒவ்வொரு ஜூலை 12ம் கொண்டாடும் அமைப்பு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அதன் அங்கத்தவராக இல்லாமல் இந்த நகரத்தில் மேயராவது அபூர்வம். பதவிக்கு வந்த கையோடு சாண்டர்ஸ் மேயரின் கடிதத்தாளிலேயே அந்த வெற்றியைப் புகழ்ந்து அறிக்கை விட்டார். கத்தோலிக்கர் கொதித்தார்கள். பிரசாரத்திலும் தன் மதத்தை முன்னால் வைத்தே பேசினார். பிலிப்ஸ் "எல்லா மக்களின் மேயர்" என்று சொல்லி எதிர்த்து நின்றார். மூன்றாவதாக ஆதர் பிரவுன் என்பவரும் நின்றார். பிலிப்ஸ் வென்றார்.

பலரும் இந்த இடத்தில் கொப்பியை மூடிவிடுகிறார்கள். பழைய ரொறன்ரோ ஒரே இரவில் திருந்திவிட்டது என்று ஒரு முடிவும் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பில்லை. மேயர் வாக்குகளைக் கூட்டி, பிலிப்ஸின் பங்கைப் பாருங்கள். பாதிக்குக் கீழே. மூவர் பிரித்துக்கொண்ட தேர்தல், இரண்டாம் சுற்று கிடையாது, கூடுதல் வாக்கு எடுத்தவர் வென்றார். சாண்டர்ஸ் தோற்றார் என்பதற்காக ஒரேஞ்ச் சங்கம் மறைந்துவிடவுமில்லை. 1966இல் மேயராகத் தெரிவான வில்லியம் டெனிசன் அதன் அங்கத்தவர்தான், அந்த வரிசையில் கடைசி ஆள். நகரம் உண்மையில் மாறியதா என்று அறிய வேண்டுமானால் 1954ஐவிட அடுத்தடுத்த தேர்தல்களைப் பார்ப்பது மேல். 1955, 1956, 1958, 1960 எல்லாவற்றிலும் பிலிப்ஸ் திரும்ப வந்தார். 1962இல்தான் டொனால்ட் சமர்வில்லிடம் தோற்றார். ஒருமுறை வாக்குப் பிரிந்து ஒருவர் வரலாம். திரும்பத் திரும்பப் பிரிந்து வர முடியாது. ஆகவே ஒரு தேர்தலைத் தனியாக எடுத்து நியாயம் தீர்க்காதீர்கள். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு சேர்த்துப் பாருங்கள்.

வட்டார அட்டவணை போடும் வேலையை ஒரு பின்னேரத்துக்கு ஒதுக்குங்கள். இடதுபக்கம் 1 முதல் 9 வரை, மேலே மூன்று பெயர், பெட்டிகளில் வாக்கும் அதன் வீதமும். வெறும் வாக்குத் தொகையைப் பார்த்தால் பெரிய வட்டாரம்தான் கண்ணை மறைக்கும், வீதம்தான் பேசும். பிலிப்ஸின் சொந்த 4ஆம் வட்டாரத்தையும் 8, 9ஐயும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் படியுங்கள். பிரவுனின் நிரலையும் விட்டுவிடாதீர்கள். மூன்றாவதாக வந்தவரைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. ஆனால் யாருடைய வாக்கை அவர் தின்றார் என்பதில்தான் இந்தத் தேர்தலின் முடிச்சு இருக்கிறது.

மேயரோடு நிற்காமல், அந்தக் காலத் தேர்தல்களில் மக்களிடம் கேட்ட கேள்விகளையும் பாருங்கள். 1955இல் புதிய சிற்றி ஹோல் திட்டம் ஒன்று வாக்குக்கு வந்தது, சனங்கள் வேண்டாமென்றார்கள். 1956இல் திரும்பக் கேட்டபோது சம்மதித்தார்கள். 1958இல் உலகப் போட்டி வைத்து, ஃபின்லாந்துக்காரர் வில்யோ ரெவெல் வரைந்ததைத் தெரிவு செய்தார்கள். கட்டடம் 1965இல் திறந்தது. 1955இல் வேண்டாமென்று சொல்லியிராவிட்டால் அந்த வளைந்த இரட்டைக் கோபுரம் இன்று இருந்திராது. அது வரும்வரை சபை கூடியது பக்கத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தோடு நிற்கும் பழைய சிற்றி ஹோலில். 1954இல் பிலிப்ஸ் வென்று போய் அமர்ந்ததும் அங்கேதான்.

கடைசியாக ஸ்பாடைனா றோட் 255இல் உள்ள நகர ஆவணக் காப்பகம். பத்திரிகை வேலை முடிந்த பிறகு போங்கள். எதைக் கேட்பது என்று தெரியாமல் போனால் அங்கிருப்பவர்களுக்கும் சிரமம், உங்களுக்கும் வீண் அலைச்சல். அச்சிட்ட சபை நடவடிக்கைக் குறிப்புகள், உத்தியோகபூர்வ வாக்கு எண்ணிக்கை இரண்டையும் கேளுங்கள். படங்கள் வேண்டுமென்றால் குளோப் அண்ட் மெயில் படத் தொகுப்பு, 1266ஆம் எண். டெலிகிராமின் படங்கள் யோர்க் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன. பேனா, சாப்பாட்டுப் பை எல்லாம் வெளியே, உள்ளே பென்சில் மட்டும். பிலிப்ஸ் 1967இல் எழுதிய தன்வரலாறும் கிடைக்கும். படியுங்கள், ஆனால் வென்றவர் எழுதியது என்று ஞாபகம் வைத்துப் படியுங்கள். பென்சிலால் எழுதி வைத்த செவ்வாய்க்கிழமை எண்களை உத்தியோகபூர்வ எண்களோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டும் பேனாவால் திருத்துங்கள். அதை வீட்டுக்கு வந்து செய்யலாம். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அடுத்த சில நாள் பத்திரிகைகளில் மறு எண்ணிக்கை பற்றி ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் காப்பகத்தின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.